நடுவர் வராத ஆட்டம்

ஐஃபல் மலை, மேற்கு ஜேர்மனி, வைகாசி 1978.

வழியில் ஏற்றிவந்த லொறிக்காரர் என்னை இறக்கிவிட்ட இடத்தில் ஒரு தேவாலயமும் சரிவில் ஒரு உதைபந்துத் திடலும் இருக்கின்றன. இன்று இந்த ஊரும் பக்கத்து ஊரும் மோதுகின்றன. தோற்கும் ஊர் கீழ்ப்பிரிவுக்கு இறங்கவேண்டும். நடுவர் வரவில்லை. அப்படியானால் பார்க்க வந்தவர்களில் ஒருவர் விசில் ஊதுவதுதான் இங்கே வழக்கமாம்.

பால்வண்டி ஓட்டும் ஒருவர் விசிலோடு என்னிடம் வருகிறார். அவருடைய ஜேர்மன் எனக்கு ஒருமாதிரி விளங்குகிறது.

“நீர் எந்த ஊர்?”

“யாழ்ப்பாணம்.”

“அப்ப நீர்தான் ஊதவேணும். இஞ்ச நிக்கிற மற்ற எல்லாருக்கும் ரெண்டில ஒரு ஊரில மச்சான் இருக்கிறான்.”

“எனக்கு விதி வடிவாத் தெரியாது.”

“விளையாடுறவங்களுக்கும் தெரியாது.”

இரண்டு நாளாக வெறும் பாண்தான் சாப்பாடு. ஆனாலும் ஓடுகிறேன். ஊருக்கொரு கோல் அடித்து ஆட்டம் முடியப்போகும் நேரத்தில், உள்ளூர்க்காரன் ஒருவன் கோலுக்கு முன்னால் பந்தைக் கையால் தடுக்கிறான். ஊதுகிறேன். தண்ட உதை கோலாகிறது. உள்ளூர் தோற்றுவிட்டது.

யாரும் என்னை ஏசவில்லை. பால்வண்டிக்காரர் மட்டும் மெதுவாக வருகிறார்.

“கை பட்டது உண்மைதான். அவன் என்ர மகன்.”

நான் விசிலை அவரிடம் திருப்பிக் கொடுக்கிறேன்.

“பஸ் நாளைக்குத்தான். எங்கட வீட்டில படுத்திட்டுப் போம். அவனோட மட்டும் கதைக்காதேயும்.”