இல்லாத பந்தைப் பிடித்தவர்

எஸெல் டார்ப்லிக்கு வயது முப்பத்துமூன்று. ஆறு வருடங்களாக அதே முப்பத்துமூன்றுதான்.

பர்மிங்ஹாம் குழாய் ஆலையில் உலைக்கு முன்னால் வெந்துகொண்டிருந்தவரை, ஆலையின் பேஸ்பால் அணி வெயிலுக்கு இழுத்து வந்தது. அங்கிருந்து கறுப்பர்கள் மட்டுமே ஆடும் என்ஸ்லி கிரேஸ் அணி. பதினெட்டு வருடமாக அதன் சென்டர் ஃபீல்டு, மைதானத்தின் தூரத்து நடுப்பகுதி, அவருடைய பட்டா நிலம். வெள்ளைக்காரர் லீகில் இடம் கிடையாது, வெள்ளைக்காரர் ஓட்டலில் படுக்கை கிடையாது. பேருந்திலேயே தூங்கி, டப்பா மீனை பிஸ்கட்டோடு தின்று, மறுநாள் எந்த ஊரானாலும் மூன்று ஹிட் அடித்துவிட்டு வருவார். ஊர்ப் பெரிய பத்திரிகையில் அதைப் போட இடமிருக்காது. அந்த வாரம் யார் வீட்டுத் தோட்டத்திலோ பூசணிக்காய் ரொம்பப் பெரிதாகக் காய்த்திருக்கும்.

அணி முதலாளி ஓபடையா குவார்ல்ஸ், ஊரில் சவ அடக்கக் கடை வைத்திருந்தவர். யாரைப் பார்த்தாலும் உச்சி முதல் பாதம் வரை கண்ணாலேயே அளப்பார். 1941 ஜூனில் ஒரு ஞாயிறு காலை எஸெலை அப்படி அளந்தார்.

"எஸெலு, கால் கனத்துப்போச்சுப்பா. மொபீல் ஊர்ல ஒருத்தன் குதிரை மாதிரி ஓடறான். இன்னிக்கு ஒரு பந்து உன் தலைக்கு மேல போகட்டும், நாளைக்கு உன் எடத்துல அவன்."

"போச்சுன்னா நானே உங்க கடைக்கு வந்து படுத்துக்கறேன் மொதலாளி. பெட்டி மட்டும் நல்ல மரத்துல போடுங்க."

வாய் சிரித்தது. கால் மட்டும் வழக்கத்தைவிட வேகமாக நடந்து காட்டியது.

மூன்று மணிக்கு ஆட்டமென்றால் பாஸ்டர் பிரசங்கத்தில் நரகத்தைப் பாதியிலேயே அணைத்துவிடுவார். சபை முழுக்க ஞாயிற்றுத் தொப்பியோடு மைதானத்துக்கு வந்துவிட்டது. முதலில் வழக்கம்போல் நிழல் ஆட்டம். பந்தே இல்லாமல் எறிவார்கள், அடிப்பார்கள், விழுந்து பிடிப்பார்கள். எஸெல் வேலிவரை ஓடி, எம்பி, ஒன்றுமில்லாததைப் பிடித்து, சூடு போக ஊதுவார். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும்.

நிஜ ஆட்டத்தின் கடைசிச் சுற்று. கிரேஸ் ஒரே ஒரு ரன் முன்னால். இன்னும் இரண்டு அவுட் எடுக்க வேண்டும். இரண்டாம் தளத்தில் மெம்ஃபிஸ் அணியின் ரூஃபஸ் கிம்ப்ரோ. மட்டையில் பட்ட பந்து நேரே சூரியனுக்குள் போய் மறைந்தது. யாருக்கும் தெரியவில்லை, எஸெலுக்கும்தான். சத்தம் மட்டும் காதில் விழுந்தது. முதுகைத் திருப்பிக்கொண்டு ஓடினார். இல்லாத பந்தையே பதினெட்டு வருடம் பிடித்தவருக்குத் தெரியாத பந்து ஒரு பிரமாதமா? வேலியோரம் எம்பினார். கையுறைக்குள் 'தொப்'பென்று வந்து உட்கார்ந்தது. அடித்தவன் அவுட்; கிளம்பிய தளத்துக்குப் பந்து வருமுன் கிம்ப்ரோ திரும்பாவிட்டால் அவனும் அவுட்.

கிம்ப்ரோ பார்த்தான். பந்து வேலியைத் தாண்டிவிட்டது, கிழவர் நடிக்கிறார் என்று முடிவுகட்டினான்.

"போதும்ண்ணே, இந்தக் கூத்தை அப்பவே பாத்தாச்சு!"

மூன்றாம் தளத்தையும் தாண்டி, தொப்பியை ஆட்டியபடி நடந்தான். ஓடக்கூட இல்லை, நடந்தான்.

எஸெல் இந்தத் தடவை ஊதவில்லை, எறிந்தார். பந்து இரண்டாம் தளத்துக்கு வந்து சேர்ந்தபோது கிம்ப்ரோ கூட்டத்துக்குக் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தான். நடுவர் கை உயர்ந்தது. இரண்டு அவுட், ஆட்டம் முடிந்தது. சபையின் தொப்பிகள் எல்லாம் வானத்துக்குப் போயின.

"நெசப் பந்தா அது?" என்றான் கிம்ப்ரோ.

"தொட்டுப் பாரு தம்பி, இன்னும் சூடா இருக்கு."

குவார்ல்ஸ் இறங்கி வந்தார். கண் இந்த முறை யாரையும் அளக்கவில்லை. "மொபீல்காரனுக்கு என்னப்பா சொல்றது?"

"வரச் சொல்லுங்க. எனக்குப் பக்கத்துல லெஃப்ட் ஃபீல்டுக்கு ஒரு நல்ல ஆள் வேணும்தானே?"

சென்டர் ஃபீல்டை அவர் விட்டது ஐந்து வருடம் கழித்து, அதுவும் தானாக. அப்போது அவருக்கு வயது முப்பத்துநான்கு.