மடி உண்டோ?

ஏழு வருடத்துக்கு முன்பு, ஒரு வைகாசி மாதம். பாலக்காடு மாவட்டத்தில், பெருமாட்டிப் பக்கம் இருக்கும் எங்கள் தோப்பு வீட்டுக்கு ஒரு பெண் அதிகாரி வந்தார். குழந்தையைத் தத்தெடுக்க விண்ணப்பித்தால் இப்படி வீட்டுக்கே வந்து விசாரித்து அறிக்கை எழுதுவார்கள். அது சரியாக இருந்தால்தான் மேற்கொண்டு எதுவும் நகரும்.

அதற்கு முன்பே காகிதங்களோடு படாத பாடு பட்டிருந்தோம். கோயிலில் நடந்த கல்யாணத்தை ஒன்பது வருடம் கழித்துப் பதிவு செய்தோம். வருமானச் சான்று, எங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சான்று, எங்களை அறிந்த இரண்டு பேரின் கடிதம் எல்லாம் தேறிவிட்டது. மிச்சம் நான்தான்.

நான் பொள்ளாச்சிக்காரி. இந்தப் பக்கம் கடை, பஸ், பால் சொசைட்டி எல்லாம் தமிழிலேயே நடந்துவிடுவதால் மலையாளம் கற்றுக்கொள்ளவே இல்லை. அந்த மேடத்துக்கோ தமிழ் வராது. கணவனையும் மனைவியையும் தனித்தனியாகத்தான் விசாரிப்பார்களாம். மலையாளம் தெரியுமா என்று கேட்டதும், தெரியாது என்றால் அதையும் ஒரு குறையாக எழுதிவிடுவாரோ என்று பயந்து, "அறியுமுங்க மேடம்" என்று சொல்லித் தொலைத்தேன்.

நாலைந்து கேள்விகளை ஊகித்துச் சமாளித்தேன். கடைசியில் அவர் மெதுவாக, "குட்டியெ எடுக்கான் மடி உண்டோ?" என்றார்.

எனக்கு உடம்பே சிலிர்த்துவிட்டது. இத்தனை வருடம் காலியாகக் கிடந்த மடியைப் பற்றி யாரும் இவ்வளவு நேராகக் கேட்டதில்லை. "உண்டுங்க மேடம், நெறைய உண்டுங்க" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்து, "பேடிக்கண்டா" என்றார். பயப்பட வேண்டாம் என்கிறார், பாஸாகிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டேன்.

வெளியே வந்தவரின் முகம் வேறாக இருந்தது. வெட்டி வைத்த இளநீரைத் தொடவே இல்லை. தத்தெடுக்க இருவருக்கும் முழுச் சம்மதம் வேண்டும், ஒருவர் வற்புறுத்தி மற்றவர் தலையாட்டுவது செல்லாது, கேட்டதை அப்படியே எழுதுவேன் என்று என் கணவரிடம் மலையாளத்தில் கடுகடுவென்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார்.

"உள்ள என்ன புள்ள சொன்னே?" என்றார் கணவர், அந்த மேடம் சொன்னதை எனக்கு விளக்கிவிட்டு. குழந்தை வேண்டாம் என்று நான் எப்போது சொன்னேன்? "கேட்டதை அப்படியே சொல்லு" என்று அவர் விடாமல் நச்சரிக்க, வார்த்தை மாறாமல் ஒப்பித்தேன். தலையில் அடித்துக்கொண்டார். மலையாளத்தில் மடி என்றால் தயக்கம், சோம்பல் என்றும் அர்த்தமாம். குழந்தையை எடுக்கத் தயக்கம் உண்டா என்று கேட்டவரிடம், நிறைய உண்டு என்று அழுதிருக்கிறேன்!

மேடத்துக்குப் போன் அடித்தால் எடுக்கவில்லை. உடனே பைக்கில் பாலக்காட்டில் இருக்கும் அவர் ஆபீசுக்குக் கிளம்பினோம். அறிக்கை கம்ப்யூட்டரில் ஏறிவிட்டால் என்ன செய்வது என்று வழியெல்லாம் ஒரே நினைப்பு. சித்தூரில் ஏதோ ஊர்வலம் போக, பத்து நிமிடம் நின்றோம். எனக்கு இறங்கி ஓடலாம் போலிருந்தது.

ஆபீசில் அவர் மேஜையில் எங்கள் ஃபைல் திறந்து கிடந்தது. நான் எதிரே உட்கார்ந்து, இரண்டு கையாலும் மடியைத் தட்டிக் காட்டினேன். "இதைக் கேக்கறீங்கன்னு நெனச்சுட்டனுங்க மேடம். எனக்கு மலையாளம் தெரியாதுங்க."

ஒரு கணம் புரியாமல் பார்த்தவர், "என்றெ ஈஸ்வரா!" என்று வாயைப் பொத்திக்கொண்டார். இருந்தாலும் அப்படியே நம்பிவிடவில்லை. தமிழ் தெரிந்த ஒரு ஊழியரைக் கூப்பிட்டு, என் கணவரை வெளியே அனுப்பி, முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி கேட்டார். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. எங்கேயோ இருந்த ஒரு குழந்தைக்காக அவ்வளவு கறாராக இருந்திருக்கிறார் என்பது பிறகுதான் உறைத்தது.

அதன்பின் மூன்று வருடம் காத்திருந்தோம். ஒரு வயதில் எங்களிடம் வந்த மகள் இப்போது யூகேஜி. மலையாளத்தில் வெளுத்து வாங்குகிறாள். மழை நாளில் பள்ளிக்குக் கிளம்பச் சொன்னால், "எனிக்கு மடியா அம்மா" என்று சிணுங்கியபடி வந்து என் மடியிலேயே படுத்துக்கொள்வாள். அவளை எடுக்க அன்று எனக்குத் துளியும் தயக்கம் இருந்ததில்லை. வேன் வந்து ஹாரன் அடிக்கும்போது இறக்கிவிடத்தான் இன்றுவரை எனக்கு மடியாக இருக்கிறது.