பித்தளைக்குக் கத்தாத வாசல்

பனியன் கம்பெனியில் ஒன்பது வருடம் ஊசி பிடிக்கும் மெஷின் முன்னால் நின்றவள் நான். தைத்த துணிக்குள் உடைந்த ஊசிமுனை தங்கியிருந்தால் அது கத்தும். ஒவ்வொரு துணியையும் மூன்று முறை உள்ளே விடுவோம்: நேராக, திருப்பி, பக்கவாட்டில். இரும்புக்குக் கத்த வேண்டும், பித்தளைப் பட்டனுக்குக் கத்தக் கூடாது. பட்டனுக்கெல்லாம் கத்தினால் பெட்டி நகராது, சூப்பர்வைசர் என்னை வறுத்தெடுத்துவிடுவார்.

அந்த அனுபவத்தை நம்பி ஓர் ஒப்பந்தக்காரர் என்னை நீதிமன்றக் கட்டடத்துக்கு அனுப்பினார். ஆட்கள் நடந்து போகும் சோதனை வாசலை மாதம் ஒருமுறை பரிசோதித்துத் தாளில் குறிக்க வேண்டும். இரும்பு, அலுமினியம், பித்தளை என மூன்று துண்டுகளையும் கணுக்கால், இடுப்பு, தலை உயரங்களில் பிடித்துக்கொண்டு நடக்கச் சொன்னது தாள். மெட்டிக்கும் சாவிக்கும் வாசல் ஓயாமல் கத்தியதில் வரிசையில் நின்றவர்கள் என்னைத்தான் திட்டினார்கள். எனக்குத் தெரியாத மெஷினா? வாசலின் உணர்திறன் அளவைக் குறைத்தேன். இரும்புக்குக் கத்தியது, பித்தளைக்கு வாயே திறக்கவில்லை. பெருமையோடு எல்லாக் கட்டத்திலும் 'சரி' போட்டேன்.

தெற்கிலிருந்து தையல் வேலைக்கு வந்த ஒரு பெண் அங்கே விவாகரத்து வழக்குக்கு வந்துகொண்டிருந்தாள். கோர்ட்டுக்குள் வைத்தே முடித்துவிடுவேன் என்று புருஷன் மிரட்டியிருந்தானாம்.

"ஏக்கா, இது எல்லாத்தையும் பிடிச்சிருமா?"

"ஒண்ணும் தப்பாது கண்ணு. தைரியமா போ."

அதிலிருந்து அவளுக்கு ஒரு வழக்கம் என்று வாசலில் நிற்கும் போலீஸ்காரர் பின்னால் சொன்னார். புருஷன் வாசலைத் தாண்டும்வரை தூணோரம் நிற்பாள். சத்தம் வரவில்லை என்றால்தான் உள்ளே போவாள்.

அடுத்த மாதப் பரிசோதனையன்று அவன் வந்தபோது நானும் அங்கிருந்தேன். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு. வாசலைத் தாண்டினான். பச்சை விளக்கு. "கேஸ் கட்ட வண்டியிலயே மறந்துட்டனுங்க" என்று போலீஸ்காரரிடம் சிரித்தபடி, எங்களைப் பார்த்தவாறே பின்னால் நடந்து வெளியேறினான். மறுபடி பச்சை. மூன்றாவது முறை கட்டோடு வந்தவன் பக்கவாட்டில் நுழைந்தான். நேராக, திருப்பி, பக்கவாட்டில். அவனும் எங்கோ ஊசி மெஷின் முன்னால் நின்றவன். விளக்கை அவன் பார்க்கவேயில்லை, என்னைத்தான் பார்த்தான்.

தூணோரம் நின்றவள் வந்தாள். "சத்தம் வரல, நான் போறேங்க்கா."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "ஏனுங்க, வாசல் சரியில்லீங்க. நாந்தான் கெடுத்து வெச்சுட்டேன். அவர் இடுப்பத் தடவிப் பாருங்க" என்று போலீஸ்காரரிடம் கத்தினேன்.

இடுப்பிலிருந்து வந்தது கத்தியில்லை. விரல் நீளத்தில் ஒரு பித்தளைச் சாவி.

"சாவிதானுங்களே" என்று போலீஸ்காரர் சிரித்தார்.

"ஊட்டுச் சாவிங்க" என்றான் அவன், அவ்வளவு மரியாதையாக. "கேஸு முடிஞ்சா கூட்டிட்டுப் போகோணுமில்லீங்க?" சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே போனான்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அதாலதான்க்கா என்னை வெளிய இருந்து பூட்டுவாரு. ஒருதடவை மூணு நாளு." பிறகு என்னைப் பார்த்தாள். "எல்லாத்தையும் பிடிச்சிரும்னுதானே சொன்னிய?"

எனக்கு அழுகை வந்தது.

அன்றே அளவை உச்சத்துக்கு ஏற்றினேன். மூன்று துண்டுகளோடும் மூன்று உயரத்திலும் நடந்தேன், ஒவ்வொன்றுக்கும் கத்தியது. அடுத்த மாதம் போனபோது தூணோரம் யாரும் இல்லை. வழக்கை வாபஸ் வாங்கிவிட்டாள், புருஷனே கூட வந்து கையெழுத்துப் போட வைத்துக் கூட்டிப்போனான் என்றார் போலீஸ்காரர்.

அவர்கள் வீடு எந்தத் தெருவில் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. அவள் என் எதிரில் நின்றபோது, நானும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.