காப்புறுதி பதியுதீனின் குதிக்கால்

“கண்ணைக் கட்டி விட்டாலும், ஆயிரம் சோடிக்குள்ள என்ட சப்பாத்த என்ட கால் கண்டுபிடிக்கும். மத்தவன்ட சோடியப் போட்டுக்கொண்டு போறவனுக்குக் கால் மட்டுமா, மூளையும் பிசகு!”

கல்முனைப் பள்ளிவாசல் ஒன்றின் படியில் நின்று பதியுதீன் வெளியிட்ட பிரகடனம் இது. யாரோ ஒருவரின் செருப்பைத் தவறிப் போட்டுப்போய், திரும்பக் கொண்டுவந்து நின்ற நஜீம் மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

பதியுதீன் காப்புறுதி முகவர். மணல் ஒழுங்கையிலும் கறுப்புச் சப்பாத்தோடுதான் நடப்பார். எந்த வீட்டுக்குள் போனாலும் அவர் எடுக்கும் முதல் கதை, காலை இழந்த ஒருவருடையது. “ஒண்டுமில்ல, சும்மா வலி எண்டுதான் அவரும் சொன்னார்...” என்று நிறுத்துவார். வீட்டுக்காரர் இன்சூரன்ஸ் படிவத்தில் கையெழுத்து வைத்துவிடுவார்.

மழை கொட்டிய ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து சனம் முண்டியடித்து இறங்கியது. அவரும் சப்பாத்துக்குள் காலை நுழைத்துக்கொண்டு ஓடினார். பின்னேரம் அஸர் தொழுகைக்குள் வலது குதிக்காலில் ஆணி இறங்கினாற்போல் வலி.

வெறுங்காலில் வலியில்லை. சப்பாத்துப் போட்டால் மட்டும் வந்தது. மற்றவர்களுக்கு இது ஒரு துப்பு. பதியுதீனுக்கோ நோயின் தந்திரம். ஆளைப் பார்த்துப் பதுங்குகிறது. டொக்டர் குதியை அழுத்தினார், இரத்தத்தில் சீனி பார்த்தார், எக்ஸ்ரே எடுத்தார்.

“ஒண்டுமில்ல” என்றார்.

பதியுதீனின் முகம் வெளிறியது. அந்தச் சொல்லுக்குப் பிறகு என்ன வரும் என்று அவரை விட அறிந்தவர் யார்?

அதன்பின் பள்ளி ஒலிபெருக்கியில் யாராவது இறந்த மவுத்துச் செய்தி அறிவிக்கும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டார். பெயர் தன்னுடையதல்ல என்று உறுதியான பிறகே ‘இன்னாலில்லாஹி’ சொன்னார். மகளின் கல்யாணப் பேச்சைக்கூட ஒத்திவைத்தார். ஒற்றைக் காலோடு மருமகனை வரவேற்பது எப்படி?

“இஞ்ச, அந்தச் சப்பாத்த ஒருக்காக் குனிஞ்சு பாருங்களன்” என்றாள் மனைவி நபீஸா.

“அதுல என்னகா பாக்கக் கிடக்கு? என்ட காலோட பிறந்த மாதிரி அது. வருத்தம் உள்ளுக்க கிடக்கு.”

“அப்ப சப்பாத்த வெச்சிட்டுக் காலக் கழட்டி எறியுங்க!”

அவர் சிரிக்கவில்லை. அது அவர் காதில் சகுனமாக விழுந்தது.

அடுத்த ஜும்ஆ முடிந்து படியிறங்கும்போது முன்னால் நஜீம் மாஸ்டர் நொண்டினார்.

“பதியுதீன் காக்கா, எனக்கும் ஒரு காப்புறுதி போடுங்க. மழ பெஞ்ச அந்த ஜும்ஆவில இருந்து, சப்பாத்துப் போட்டாக் குதி கொல்லுது. வெறுங்காலுக்கு ஒண்டுமில்ல.”

பதியுதீன் கீழே பார்த்தார். நான்கு கால்களிலும் ஒரே கடையின் பெருநாள் மலிவு விலைக் கறுப்புச் சப்பாத்து. ஆனால் நஜீமின் வலது சப்பாத்தின் ஓரத்தில் நபீஸா கொசுவுக்குக் கொளுத்திய நுளம்புச் சுருள் சுட்ட வடு. அந்த வடுவுக்காகத்தான் நபீஸாவோடு அவர் ஒரு கிழமை கதைக்காமல் இருந்தவர்.

தன் வலது காலை மெல்லப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். “பயப்படாதிங்க மாஸ்டர். வாற வெள்ளி கதைப்பம்.”

அந்த வெள்ளி, கடைசி துஆவுக்கு நிற்காமல், ஸலாம் கொடுத்துத் தொழுகை முடித்த கையோடு எழும்பினார். படியில் ஆளில்லை. கண்ணைக் கட்டவில்லை, மூக்குக்கண்ணாடியையும் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு கறுப்புச் சப்பாத்தையும் மீனின் செவுளைப் பார்ப்பதுபோலப் புரட்டினார். வடு விரலில் தட்டுப்பட்டது. தான் போட்டுவந்த சோடியை அந்த இடத்தில் ஒழுங்காக வைத்துவிட்டு, நொண்டாமல் நடந்தார்.