பல் வந்த வீட்டில் நின்றுபோன கஞ்சி

பொய்ப்பல் செட் கையில் கொடுக்கிற நாள், கண்டியில் நான் நர்ஸாக வேலை செய்த பல் கிளினிக்கில் கல்யாண வீடு மாதிரி இருக்கும். கண்ணாடியை நீட்டினால் எப்பேர்ப்பட்ட சிடுமூஞ்சிக் கிழவரும் ஒரு தடவை சிரித்துப் பார்ப்பார். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து மாரிமுத்து ஐயாவும் சிரித்தார். கூட வந்த மகள் செல்வி அழுதேவிட்டாள். "அப்பாவுக்குப் பத்து வயசு கொறஞ்சு போச்சுங்க மிஸ்ஸி!" என்று சொல்லிவிட்டு, தம்பிக்கு ஃபோன் பண்ண வெளியே ஓடினாள்.

அவள் திரும்பி வருமுன்பே டொக்டர் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். கட்டின பல் சொந்தப் பல் போலக் கடிக்காது, கொஞ்ச நாளைக்கு மெத்தென்ற சாப்பாடு, இரண்டு பக்கமும் வைத்து மெல்ல வேண்டும், புண் வந்தால் உடனே வர வேண்டும். எல்லாவற்றுக்கும் ஐயா "சரிங்க, சரிங்க" என்றார். வெள்ளைக் கோட்டுக்காரர் எது சொன்னாலும் சரிங்க சொல்லிப் பழகிய வாய் அது.

மழைக்காலம் முடிந்து மகள் கூட்டிக்கொண்டு வந்தபோது எனக்கு ஆளையே அடையாளம் தெரியவில்லை. கன்னம் ஒட்டி, சட்டை தொங்கியது. கதிரையில் சாய்த்து வாயைத் திறந்தால் கீழ் ஈறு முழுக்கப் புண். மெலிந்ததில் செட் இன்னும் லூஸாகி, பேசும்போதே ஆடியது. எனக்கு வந்ததே கோபம்!

"ஏன் ஐயா, நோகுதுன்னு வாயத் தொறந்து சொல்ல மாட்டீங்களா? என்னதான் சாப்பிடுறீங்க?"

செல்வி முந்திக்கொண்டாள். "எங்களோட ரொட்டிதாங்க. பல்லு வந்திருச்சே, இனி எதுக்குக் கஞ்சின்னு நிப்பாட்டிட்டேன். தட்டு காலியாத்தானே வருது?"

ஐயா தலையைக் குனிந்துகொண்டார். "நாய்க்குப் போட்டுருவேன் மிஸ்ஸி. புள்ள ஆசையா கட்டிக் குடுத்த பல்லு. மெல்ல முடியலன்னு எப்படிச் சொல்றது?"

"ஐயோ, பாவி நான்! பல்லப் பாத்தேன், வயித்தப் பாக்கலியே" என்று செல்வி தலையில் அடித்துக்கொண்டாள்.

டொக்டர் செட்டின் ஓரத்தைத் தேய்த்துக் கொடுத்து, புண் ஆறியதும் புதிதாக அளவெடுக்கலாம் என்றார். அன்றே வீட்டில் கஞ்சி வைத்தார்கள். ஆனால் உடம்பு ரொம்பவும் விழுந்திருந்தது. அடுத்து வந்த சளிக்காய்ச்சலை அது தாங்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து செல்வி தனியாக வந்தாள். கழுவித் துடைத்து, வெள்ளைத் துணியில் சுற்றிய செட்டை மேசையில் வைத்தாள். "புதுசு மாதிரியேதான் இருக்குங்க. பல்லில்லாத ஏழைங்க யாருக்காச்சும் போட்டு விடுங்க. அவங்களாச்சும் நல்லா சாப்பிடட்டும்."

ஒருவர் வாய்க்கு அளவெடுத்தது இன்னொருவர் வாயில் உட்காராது. அதை நான் அவளிடம் சொல்லவில்லை. "சரிம்மா" என்று வாங்கிக்கொண்டேன். அவள் போனபிறகு உள்ளே போய் அழுதேன்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். செட் கொடுக்கிற நாளில், வீட்டில் யார் சமைக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். அவரையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவையுங்கள். கஞ்சியை நிறுத்தாதீர்கள், தட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள், பல் கட்டினவர் மென்று விழுங்கும்வரை பக்கத்தில் இருங்கள் என்று சொல்லுங்கள். கண்ணாடியை அதற்குப் பிறகு கொடுக்கலாம்.