நோன்பும் நான் மாற்றிய மாத்திரையும்

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். அதனால் எதற்கும் என்னைத்தான் கேட்பார்கள். போன ரமலானுக்கு டெக்சாஸில் என் வீட்டுக்கு வந்திருந்த உம்மா, "மத்தியானம் போடுற சுகர் மாத்திரைய என்ன செய்ய வாப்பா?" என்றார்.

"விடியுமுன்ன சாப்பிடுற சஹர்லயே காலை மாத்திரையோட சேர்த்துப் போட்டுருங்க உம்மா" என்றேன், யோசிக்காமல்.

அன்று மாலை உம்மாவுக்குக் கை நடுங்கி, உடம்பெல்லாம் வியர்த்தது. மீட்டரில் பார்த்தால் சர்க்கரை மிகவும் இறங்கியிருந்தது. கிளினிக்கை அழைத்தேன். உடனே ஜூஸ் கொடுங்கள் என்றார் டாக்டர்.

"நோன்பு திறக்க இன்னும் ஒரு மணி நேரந்தானே" என்று உம்மா பிடிவாதம் பிடித்தார்.

"முடியாதவங்களுக்கு அல்லாஹ்வே சலுகை கொடுத்திருக்கான் உம்மா" என்று நான் அழுத பிறகுதான் குடித்தார்.

மறுநாள் நேரில் போனோம். டாக்டர் தமிழ்ப் பெண்.

"மாத்திரைய யாரும்மா மாத்தினது?"

"எம்மவன்தான். படிச்சவன்."

"என்ன படிச்சிருக்கார்?"

"கம்ப்யூட்டரு" என்றார் உம்மா, பெருமையாக. டாக்டர் சிரித்துவிட்டார். நான் தலை நிமிரவில்லை.

இந்த வருடமும் உம்மா என்னிடம் வந்திருக்கிறார். நோன்புக்கு முன்பே டாக்டரைப் பார்த்துவிட்டோம். மாத்திரை நேரத்தையும், சர்க்கரை எவ்வளவு இறங்கினால் நோன்பை விட வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுத்தார். அந்தத் தாள் உம்மாவின் தொழுகை விரிப்புக்குள் இருக்கிறது.

இப்போது சொந்தக்காரர்கள் போனில் மருந்து பற்றிக் கேட்டால் நான் பதில் சொல்வதில்லை. சொல்லவும் உம்மா விடமாட்டார். "அவன் கம்ப்யூட்டரு படிச்சவன். டாக்டரக் கேளுங்க."