பட்டப்பகலில் எரிந்த ரியூப் லைற்றுகள்

எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயிலில் பத்து நாள் திருவிழா. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு குடும்பத்தின் உபயம். அன்றைய செலவும் அவர்களுடையது, பெருமையும் அவர்களுடையது. ஏழாம் திருவிழா எங்களுடையது. எட்டாவது என் மாமாவின் மகனுடையது. எங்கள் இரண்டு பேரையும் அடுத்தடுத்த நாளில் வைத்தவன் யாரென்று தெரியாது. அவன் நாசமாய்ப் போக வேண்டும் என்று அதே பிள்ளையாரிடம் பல தடவை கேட்டிருக்கிறேன்.

நாங்கள் இரண்டு கூட்டம் மேளம் பிடித்தால் மச்சான் வீட்டார் மூன்று கூட்டம் பிடிப்பார்கள். நாங்கள் கோயில் வாசலில் இருந்து சந்தி வரை ரியூப் லைற் கட்டினால் அவர்கள் சந்தியைத் தாண்டிக் கட்டுவார்கள். ஒரு வருடம் மச்சானின் லைற் வரிசை கள்ளுத் தவறணை வாசலில் போய் முடிந்தது. அன்றைக்குத்தான் குடிகாரர் எல்லாரும் விழாமல் வீட்டுக்குப் போனார்கள் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். உள்ளுக்குள் புகைந்துகொண்டு திரிந்தவனும் நான்தான்.

என்னைப் பக்திமான் என்று யாரும் நினைக்க வேண்டாம். சாமி வெளிவீதி சுற்றும்போது நான் சாமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பேன். எந்த லைற் மினுங்குகிறது, எந்த ஸ்பீக்கர் கரகரக்கிறது என்று பார்ப்பதுதான் என் வழிபாடு. தேவாரத்துக்கு வாய் திறந்ததில்லை. ஒலிபெருக்கிக்குச் செலவழித்தது நான். அது பாடும்போது நானும் எதற்குப் பாட வேண்டும்?

அப்பா செத்த பிறகு உபயம் என் கைக்கு வந்தது. ஊருக்கு முன்னால் நான் யாரென்று காட்டலாம் என்று நினைத்திருந்தேன். அதற்குள் தொண்ணூறாம் ஆண்டு வந்து சண்டை மறுபடி தொடங்கியது. கரண்ட் போனது. போனது போனதுதான். பிறகு எங்கள் பக்கத்துக்குச் சாமான் அனுப்பத் தடை வந்தது. பெற்றோல் இல்லை, பற்றறி இல்லை, சவர்க்காரம்கூட இல்லை. எங்கள் பெண்கள் சவர்க்காரத்தில் குண்டு செய்வார்கள் என்று கொழும்பில் எவனோ ஒரு பெரிய மூளைக்காரன் பயந்திருக்கிறான். மண்ணெண்ணெய் கறுப்புச் சந்தையில் போத்தல் போத்தலாக வந்தது. அதை வாங்கியவன் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனான்.

அடுத்த வருடத் திருவிழாவுக்கு முன்னால் கோயிலில் கூட்டம் வைத்தார்கள். தர்மகர்த்தா எழும்பிப் பேசினார்.

"இந்த முறை எல்லாத்தையும் எளிமையாச் செய்வம். லைற் வேண்டாம், ஸ்பீக்கர் வேண்டாம். இரவுத் திருவிழாவைப் பின்னேரம் மூண்டு மணிக்குத் தொடங்கி இருட்ட முதல் முடிப்பம். இருட்டினாப் பிறகு வெளிச்சம் போட்டால் குண்டு போடுற பொம்மருக்கு நாங்களே வழி காட்டின மாதிரி."

மச்சான் முதல் ஆளாகத் தலையை ஆட்டினான். "ஓம் அண்ணை, அதுதான் சரி. கடவுளுக்கு என்னத்துக்கு லைற்?"

எனக்குப் பற்றிக்கொண்டது. "தவறணைக்கு லைற் பிடிச்சவர் கதைக்கிறார், கேளுங்கோ!"

எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அதுதான் அவனிடம் எனக்குப் பிடிக்காத குணம். "உனக்கு எண்ணெய் கிடைச்சால் நீ போடு மச்சான். நான் வந்து பாத்துக் கும்பிடுறன்."

"போடுறன். போட்டுக் காட்டுறன்."

தர்மகர்த்தா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "தம்பி, மூண்டு மணி வெய்யிலிலை லைற் போடப் போறியோ?"

"போட்டால் குற்றமோ அண்ணை?"

"குற்றம் இல்லை. விசர்."

அதோடு நான் வாயை மூடியிருக்கலாம். மூடியிருந்தால் அது நான் இல்லை. அத்தனை பேருக்கு முன்னால் சொன்ன சொல். இனிச் செய்யாமல் விட்டால் நான் சாகும்வரை மச்சான் அதைச் சொல்லியே என்னைக் கொல்லுவான்.

என்னிடம் மண்ணெண்ணெய் இல்லாமல் இல்லை. ஆனால் அது தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற மிசினுக்காக வைத்திருந்தது. வெங்காயம் நட்டிருந்தோம். அந்த வெங்காயம்தான் எங்கள் அரிசி, மா, பிள்ளைகளின் கொப்பி எல்லாம். அந்த எண்ணெயில்தான் கை வைத்தேன். மிசினை நிறுத்திவிட்டுத் துலாவில் இறைப்பது என்று முடிவெடுத்தேன். தோட்டத்துக் கிணற்றில் அப்பா காலத்துத் துலா ஒன்று சும்மா நின்றது. வீட்டில் என் மனிசியிடம் சொன்னேன்.

"இஞ்சேருங்கோ, பிள்ளையார் உங்களிட்டை வந்து லைற் கேட்டவரோ?"

"நீ சும்மா இரு. இது மானப் பிரச்சினை."

"மானத்தை நட்டால் முளைக்குமே? நாங்கள் வெங்காயமெல்லோ நட்டனாங்கள்."

இப்படிப்பட்ட கேள்வி வந்தால் எனக்குக் கோபம் வரும். அதனால் கத்துவேன். அன்றும் கத்தினேன். அவள் என்ன நேற்றுத் தாலி கட்டி வந்த புதுப் பெண்பிள்ளையா, பயப்பட? மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு நடந்தாள்.

துலாவில் தண்ணீர் அள்ளுவது நான் பதினாறு வயதில் விட்ட வேலை. முதல் நாள் வாளியோடு சேர்த்து நானும் கிணற்றுக்குள் போகப் பார்த்தேன். உள்ளங்கை இரண்டும் கொப்பளித்தது. நான் அள்ளி ஊற்ற, அவள் பாத்தி பாத்தியாகத் தண்ணீரைத் திருப்பிவிட்டாள். நான் களைத்து உட்கார, அவள் அள்ளினாள். மிசின் ஒரு காலையில் முடிக்கிற வேலை எங்களுக்குப் பொழுதுபட்டும் முடியவில்லை. கடைசிப் பாத்திகளுக்குத் தண்ணீர் போய்ச் சேரவே இல்லை.

மச்சான் சைக்கிளில் வந்து வேலியோரம் ஒரு காலை ஊன்றி நின்றான்.

"என்ன மச்சான், மிசின் பழுதோ?"

"இல்லை. உடம்புக்கு நல்லதெண்டு டொக்டர் சொன்னவர்."

"அப்ப தங்கச்சிக்கும் டொக்டர் சொன்னவரோ?"

என் மனிசி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். கட்டிய புருசனுக்குச் செய்கிற காரியமா இது? அன்று இரண்டு பேரோடும் கதைக்கவில்லை.

கடைசிப் பாத்திகளில் தாள்நுனி மஞ்சளாகத் தொடங்கியது. பார்த்தேன். பார்க்காத மாதிரி அந்தப் பக்கம் போகாமல் விட்டேன். ஒரு தரம் மிசினை ஓடவிட்டால் தப்பிவிடும் என்று தெரியும். எண்ணெய்க் கலன் அறைக்குள் இருந்தது. ஆனால் எனக்கு வெங்காயத்தைவிட மச்சானின் முகம் கறுப்பதுதான் கண்ணுக்குள் நின்றது.

பக்கத்து ஊரான திருநெல்வேலியில் லைற், ஸ்பீக்கர் வாடகைக்கு விடுகிற ஒருவர் இருந்தார். கரண்ட் போன நாளில் இருந்து அவருக்குத் தொழில் இல்லை. ஜெனரேற்றருக்கு எண்ணெய் கொண்டுவருகிறேன் என்றதும் என்னைக் கட்டிப்பிடிக்காத குறை. "ஓடவிட்டுச் சத்தம் கேட்டாலே எனக்குப் போதும்" என்றார். மாட்டு வண்டிலில் ஜெனரேற்றரையும் ரியூப் லைற்றுகளையும் ஏற்றிக்கொண்டு ஊருக்குள் நுழைந்தபோது சனம் படலைக்கு வந்து பார்த்தது. நான் பட்டத்து யானையில் வருகிறவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

ஏழாம் திருவிழா. மூன்று மணி. வெய்யில் மண்டையைப் பிளந்தது. புது வேட்டியும் இடுப்பில் சால்வையுமாக நின்று கையைக் காட்டினேன். லைற்காரர் கிளப்புவதற்கென்று ஒளித்து வைத்திருந்த துளி பெற்றோலை விட்டுக் கயிற்றை இழுத்தார். ஜெனரேற்றர் இருமிக் கத்தி, கறுப்புப் புகையைக் கக்கி ஓடத் தொடங்கியது. ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டு வந்தது. லைற்றுகள் எரிந்தன. எரிந்தன என்று நான் சொல்கிறேன். பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை.

"லைற் போட்டாச்சோ?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

"எரியுதெல்லோ!"

அவர் கிட்டப் போய்க் கையை மறைப்பாகப் பிடித்துக் குனிந்து பார்த்தார். "ஓம் ஓம், எரியுது" என்று எனக்காக இரக்கப்பட்டுச் சொன்னார். மச்சான் புருவத்துக்கு மேல் கையை வைத்துக்கொண்டு, "கண் கூசுது மச்சான், கொஞ்சம் குறை" என்றான்.

அதைக்கூடத் தாங்கியிருப்பேன். ஆனால் கொஞ்ச நேரத்தில் சனம் அண்ணாந்து பார்க்கத் தொடங்கியது. ஒருவர், பிறகு இன்னொருவர், பிறகு எல்லாரும். மேளகாரர் வாசிப்பதை நிறுத்திவிட்டு வானத்தைப் பார்த்தார். ஒரு பெண் கத்தினாள்.

"உந்த மிசினை நிப்பாட்டுங்கோ! பொம்மர் வந்தால் எப்பிடிக் கேக்கிறது?"

அது எனக்குத் தோன்றவே இல்லை. அந்த நாட்களில் எங்கள் உயிர் காதில் இருந்தது. தூரத்து இரைச்சலைக் கேட்டுத்தான் பதுங்குகிற பங்கருக்கு ஓடுவோம். நான் அத்தனை சனத்தின் காதையும் அடைத்து வைத்திருந்தேன். தாய்மார் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வாசல் பக்கம் நடந்தார்கள். என் திருவிழாவில் கோயில் வீதி வெறுமையாகிக்கொண்டிருந்தது.

மச்சான் என்னைப் பார்த்தான். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் ஒரு போதும் நிறுத்தியிருக்க மாட்டேன். நானே போய், லைற்காரரை விலக்கிவிட்டு நிறுத்தினேன்.

எல்லாரும் காது கொடுத்துக் கேட்டோம். காகம் கத்தியது. பனையோலை உரசியது. பக்கத்து வளவில் ஆடு ஒன்று மே என்றது. வேறு ஒன்றும் இல்லை. வாசல் வரை போனவர்கள் அங்கேயே நின்றார்கள்.

"சாமியைத் தூக்குங்கோ, நேரம் போகுது" என்றார் ஐயர்.

தூக்க ஆள் போதவில்லை. எப்போதும் தூக்குகிற பெடியளில் பாதிப் பேர் வெளிநாட்டில். மிச்சப் பேரில் சிலர் எங்கே என்று தாய்மாரிடம் யாரும் கேட்பதில்லை. முன்தண்டில் இரண்டு இடம் காலியாக இருந்தது. ஒன்றில் மச்சான் போய் நின்றான். தர்மகர்த்தா என்னைப் பார்த்தார்.

"நான் உபயகாரன் அண்ணை. முன்னுக்குக் கும்பிட்டுக்கொண்டு போக வேணும்."

"ஏன், உபயகாரனுக்குத் தோள் இல்லையோ?"

போய்த் தோளைக் கொடுத்தேன். எலி வாகனத்தில் பிள்ளையார் எழும்பினார். நான் உயரம், மச்சான் கட்டை. பாரம் முழுக்க என் பக்கம் வந்தது.

"எழும்படா கட்டையா!"

"நீ குனியடா பனைமரம்!"

"என்ரை தோள் உடையுது, நீ சும்மா தொட்டுக்கொண்டு வாறாய்!"

யாரோ ஓடிவந்து சால்வையை மடித்து அவன் தோளுக்கும் தண்டுக்கும் நடுவில் செருகினார்கள். ஐயர் பஞ்சாரத்தியைப் பிடித்தபடி சிரித்தார். வாசலில் நின்ற சனமும் சிரித்துக்கொண்டு திரும்பி வந்தது.

இத்தனை வருடமாக என் குடும்பம் திருவிழா செய்கிறது. பிள்ளையார் இவ்வளவு பாரம் என்று எனக்குத் தெரியாது. கழுத்து எலும்பில் தண்டு அழுத்தியது. மூச்சு வாங்கியது. ஒலிபெருக்கி இல்லாததால் பின்னால் வந்த பெண்கள் தேவாரத்தை எடுத்தார்கள். அந்தச் சத்தத்துக்கு ஏற்றபடி காலை வைத்தால் பாரம் கொஞ்சம் குறைகிற மாதிரி இருந்தது. அதனால்தான் நானும் பாடத் தொடங்கினேன், பக்தியால் இல்லை. இரண்டு வரிக்கு மேல் எனக்குத் தெரியாது. மச்சான் ஒவ்வொரு வரியையும் எனக்கு முன்னால் சொல்லித் தந்தான். அவன் குரல் தகரத்தில் கல் உரசுகிற குரல். என்னுடையது அதைவிடக் கேவலம். மேற்கு வீதியில் திரும்பும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது. வியர்வை என்று துடைக்கக்கூடக் கை இல்லை.

அந்த இடத்தில் கடவுள் இருந்தாரா என்று கேட்டால், பாரம் இருந்தது என்று மட்டும் சொல்வேன். அதை நான் தனியாகச் சுமக்கவில்லை. சந்தோசம் என்று அதற்கு முன் நான் நினைத்ததெல்லாம் மச்சான் தோற்பதுதான். அன்று யார் வென்றது என்று பார்க்க மறந்துபோனேன்.

பொழுது சாயமுன் எல்லாம் முடிந்தது. ஐயர் உபயகாரனுக்குரிய காளாஞ்சிப் பிரசாதத்தைத் தந்தபோது வலது கை மேலே எழும்பவில்லை. இடது கையால் வலது கையைத் தூக்கிப் பிடித்து வாங்கினேன். மச்சான் கிட்ட வந்து மெதுவாகக் கேட்டான்.

"மச்சான், மிச்ச எண்ணெய் இருக்கோ? நாளைக்கு எனக்கும் ஒரு அரை மணித்தியாலம்..."

பார்த்தீர்களா, அவனும் என் இரத்தம்தான். 

"எண்ணெய் வெங்காயத்துக்கு. தோள் வேணுமெண்டால் வாறன்."

"உன்ரை பனைமரத் தோள் ஆருக்கு வேணும்?"

அடுத்த நாள் காலை மிச்ச எண்ணெயில் மிசினை ஓடவிட்டேன். கடைசிப் பாத்திகள் போனது போனதுதான். மனிசி இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள், சொல்லட்டும். மற்றப் பாத்திகள் தப்பின. மத்தியானம் படலையில் சைக்கிள் மணி கேட்டது.

"மச்சான், ஆள் குறையுது."

மனிசி என்னைப் பார்த்தாள். "போங்கோ, தண்ணியை நான் பாக்கிறன்."

வலது தோள் வீங்கிப்போய் இருந்தது. இடது தோளைக் கொடுத்தேன்.